பூட்டாத டப்பா

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, தாழ்வாரச் சுவரோரம் புத்தகப் பைகள் கிடந்தன. ஐம்பது, அறுபது இருக்கும். சிலவற்றின் ஜிப் திறந்தே இருந்தது. ஒன்றிலிருந்து மடிக்கணினியின் விளிம்பு எட்டிப் பார்த்தது. இன்னொன்றின் மேல் ஒரு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு யாரோ சாப்பிடப் போயிருந்தான். என் மகன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டான். எங்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டிய மூத்த மாணவன், "இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள்" என்றான். அவன் குரலில் பெருமை இல்லை. வெயிலில் துணி காயும் என்று சொல்வதைப்போலச் சொன்னான்.

வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் வுட்பெரி ஃபாரஸ்ட் பள்ளி அது. வாஷிங்டனுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் புறநகரிலிருந்து 29ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, கல்பெப்பரைத் தாண்டி 15ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ராப்பிடான் ஆற்றங்கரையில் பரந்த நிலம், தொலைவில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். 1889இல் தொடங்கிய பள்ளி. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, ஆண்பிள்ளைகள் மட்டும், ஏறத்தாழ 400 பேர். எல்லோரும் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகும். எங்களைப் போன்றவர்கள் உதவித்தொகை இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஆனாலும் மகனுக்கு அந்த ஆறும் மலையும் பிடித்துவிட்டன. இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவன் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவான் என்று என் மனைவிக்கு ஒரு கவலை இருந்தது. விண்ணப்பித்துத்தான் பார்ப்போமே என்று போயிருந்தோம்.

பைகள் அப்படிக் கிடப்பதற்குக் காரணம் அங்கே தலைமுறைகளாக இருந்துவரும் ஒரு நம்பிக்கை ஏற்பாடு. பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது. விதி அவ்வளவுதான். தேர்வு எழுதும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் நடந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பையனின் சொல்லை ஆசிரியர் சொல்லாகவே எடுத்துக்கொள்வார். அதை மீறியவன் முதலில் பதில் சொல்ல வேண்டியது மாணவத் தலைவர்களுக்கு.

இந்தப் பழக்கத்தின் வேர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், 1840இல் முகமூடி அணிந்த மாணவன் ஒருவன் ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியரைச் சுட்டான். சில நாட்களில் அவர் இறந்துபோனார். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் எதிரிகளாகவே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1842இல், ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் என்ற பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவனே எழுதிக் கையெழுத்திடட்டும், நாம் அதை நம்புவோம் என்பதே அது. கண்காணிப்பை இறுக்குவார்கள் என்று எதிர்பார்க்கத்தக்க நேரத்தில் தளர்த்தினார்கள். அந்தக் கையெழுத்துப் பழக்கம் அமெரிக்காவின் கல்லூரிகள் பலவற்றுக்கும், அவற்றுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பும் விடுதிப் பள்ளிகள் பலவற்றுக்கும் பரவியது.

திரும்பி வரும்போது காரில் மகன் கேட்டான். "அப்பா, நம்ம வீட்டுல யாராவது உண்மை பேசி நஷ்டப்பட்டிருக்காங்களா? அப்ளிகேஷன் கட்டுரைக்கு அப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்."

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்திருந்தது எதிர்மாறான கதை.

2003இல் முதுகலைப் படிப்பை முடித்தேன். டாட்காம் வீழ்ச்சிக்குப் பிறகு வேலைகள் வற்றிப்போயிருந்தன. கையில் ஓராண்டு வேலை அனுமதி, ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய வங்கிக் கடன். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, இரண்டு பதில்கூட வராத நிலையில், நியூஜெர்சியில் ஒரு கன்சல்டன்சி என்னை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய கெஸ்ட் ஹவுஸில் இரண்டு படுக்கையறையில் ஒன்பது பேர். மூன்று வாரம் பயிற்சி. நான்காவது வாரம் ஒருவர் வந்து எங்கள் ரெஸ்யூமேக்களைத் திருத்திக்கொடுத்தார். என்னுடையதில் ஒரு வங்கியில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்ததாகப் புதிதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. அந்த வங்கியின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. "படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் தடுமாறக் கூடாது" என்றார். படித்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. பொய்யான அந்த இரண்டரை ஆண்டுகளின் மேல் உண்மையான இருபது ஆண்டுகள் ஏறி உட்கார்ந்துவிட்டன.

எனக்கு நானே சொல்லி வந்த சமாதானம் ஒன்று உண்டு. நேர்மை வசதியுள்ளவர்களுக்கு எளிது என்பது அது. பள்ளியைப் பார்த்த அன்று அந்தச் சமாதானத்துக்கு இன்னும் வலு கூடியது. ஒரு தேர்வில் தோற்றால் அங்கே படிக்கும் பையனுக்கு என்ன ஆகிவிடும்? அன்று மாலையே ஆசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவனுக்குப் பின்னால் குடும்பம் இருக்கிறது, சொத்து இருக்கிறது, பழைய மாணவர்களின் தொடர்பு இருக்கிறது. விழுந்தால் மெத்தையில் விழுவான். பத்திரத்தை அடகு வைத்துவிட்டு வந்தவன் கல்லில் விழுவான். இருவரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தோல்வியைத் தாங்க முடியும் என்ற நிலை இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை எளிதாக வேர்பிடிக்கிறது. பிள்ளைகளிடம் நேர்மையை எதிர்பார்க்கும் பள்ளி, அவர்கள் தோற்றால் அழிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தேர்வில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே தொங்கவிட்டுவிட்டு, காப்பியடிக்காதே என்று மட்டும் சொல்லும் ஊர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சமாதானம் என் விஷயத்தில் நிற்கவில்லை. அதைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, அந்த ஒன்பது பேரில் ஒருவன். பெயர் வேண்டாம். அவனுக்கும் கடன் இருந்தது, என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. தங்கை கல்யாணமும் பாக்கி. திருத்திய ரெஸ்யூமேயை இரண்டு நாள் வைத்திருந்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அந்தக் கடனை ரூபாய்ச் சம்பளத்தில் அடைக்க அவனுக்கு ஒன்பது ஆண்டு பிடித்தது. என் நிலையில் இருந்தவன் வேறு வழியில்லாமல்தான் பொய் சொல்வான் என்பது உண்மையானால், அவன் எப்படி இருக்க முடியும்? என் நிலை நான் செய்ததை விளங்கவைக்கிறது. ஆனால் விளங்கவைப்பது வேறு, கணக்கைத் தீர்ப்பது வேறு.

இரண்டாவது, ஒரு பிஸ்கட் டப்பா. நீலநிறத்தில், வட்டமாக, வெண்ணெய் பிஸ்கட் வருமே, அந்தத் தகர டப்பா. கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் அரிசி மூட்டைக்கு மேல் இருக்கும். அதில்தான் எங்கள் பொதுப் பணம். மளிகைக்கு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போடுவோம். பால் வாங்கப் போகிறவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டு, மீதியைத் திரும்பப் போடுவான். பூட்டு கிடையாது. எல்லோருக்கும் பணமுடை. சிலருக்கு ஊருக்குப் போன் பேச அட்டை வாங்கக்கூடக் காசு இருக்காது. நான் அங்கிருந்த ஐந்து மாதத்தில் ஒரு டாலர் குறைந்ததில்லை. ஒரு தடவை 75 காசு கணக்கு இடித்தபோது, இரவு பதினொரு மணிக்கு ஒருவன் எழுந்து வந்து, தான் வாங்கிய கொத்தமல்லிக் கட்டை எழுத மறந்துவிட்டதாகச் சொன்னான்.

அந்தப் பள்ளித் தாழ்வாரத்தில் கிடந்த பைகளைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த டப்பாதான். வசதியில்லாதவர்களால் நேர்மையாக இருக்க முடியாது என்பதைப் பொய்யாக்கியவர்கள் நாங்களே. எங்களிடம் நேர்மைக்குக் குறைவில்லை. அதே ஆட்கள், காலையில் டப்பாவில் 75 காசைத் திருப்பிப் போட்டுவிட்டு, பத்து மணிக்குத் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒரு மேலாளரிடம் இரண்டரை ஆண்டுப் பொய்யைத் தடுமாறாமல் சொன்னோம். இரண்டுக்கும் நடுவே ஒரு முரண் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவன் நேர்மையானவனா என்ற கேள்வி, ஆகவே, எனக்கு இப்போது பாதிக் கேள்வியாகப் படுகிறது. யாரிடம் நேர்மையானவன் என்பது மீதிப் பாதி. உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நாம் ஒவ்வொருவரும் ஒரு வட்டம் வைத்திருக்கிறோம். அதற்குள்ளே நம்மில் பெரும்பாலோர் யோக்கியர்களே. வட்டத்துக்கு வெளியே இருப்பவர் நமக்கு மனிதராகவே தெரிவதில்லை. அவர் 'கம்பெனி', 'கவர்ன்மென்ட்', 'சிஸ்டம்'. ஏமாற்றினால் வலிக்க அதற்கு உடம்பு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கெஸ்ட் ஹவுஸில் இலக்கியம் தெரிந்த ஒருவன் எங்களுக்கு வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டான். வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் உண்மைக்குச் சமானமே என்று சொல்லும் குறளை அவன் நன்றாகச் சொல்வான். நாங்களும் தலையாட்டினோம். யாருக்கு நன்மை என்று ஒருவரும் கேட்கவில்லை. குற்றமற்றது என்ற நிபந்தனையை வள்ளுவர் எதற்குப் போட்டார் என்றும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த அந்த வேலைக்கு உண்மையாகவே இரண்டரை ஆண்டு உழைத்த யாரோ ஒருவர் விண்ணப்பித்திருப்பார். அவருக்கும் கடன் இருந்திருக்கும், தங்கை இருந்திருப்பாள். அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் அவரை ஏமாற்ற முடிந்தது. அடுத்த குறள், தெரிந்தே பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்கிறது. அதை நண்பன் சொல்லவில்லை. நாங்களும் தேடிப் படிக்கவில்லை.

வட்டம் என்று சொன்னது எங்களுக்கு மட்டும் பொருந்துவதில்லை. அந்தப் பள்ளியைத் தொடங்கிய ராபர்ட் வாக்கர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று, மோஸ்பியின் குதிரைப்படையில் கேப்டனாக இருந்தவர். தம் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவே பள்ளியைத் தொடங்கினார். அந்த நிலம் அதற்கு முன் அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் தம்பி வில்லியம் மேடிசனுடைய தோட்டம். அடிமைகள் உழைத்த தோட்டம். பள்ளி பல பதிற்றாண்டுகள் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகளும் ஒருவர் பையை ஒருவர் தொட்டிருக்க மாட்டார்கள், தேர்வுத்தாளில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். கனவான்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு அது. கூலியே கொடுக்காமல் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதையும் எடுத்துக்கொள்வது திருட்டில் சேராது என்று நம்பிய சமூகத்தில், சக மாணவனின் பேனாவை எடுப்பது மன்னிக்க முடியாத திருட்டாக இருந்தது. 1842இல் மாணவனின் சொல்லை நம்பத் தொடங்கிய வர்ஜீனியா பல்கலைக்கழகம், கிரிகரி ஸ்வான்சன் என்ற கறுப்பின வழக்கறிஞரைத் தன் சட்டப் பள்ளியில் சேர்த்துக்கொண்டது 1950இல். அதுவும் அவர் நீதிமன்றம் போன பிறகு.

இதைக் காட்டி அந்த ஏற்பாடே போலி என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் பிஸ்கட் டப்பாவும் போலி என்றாகிவிடும். அது போலி அல்ல. வட்டத்துக்குள் பழகிய நேர்மை உண்மையான நேர்மையே. எங்கேயாவது ஓரிடத்தில் பழகாமல் யாருக்கும் அது வருவதில்லை, சிறிய இடத்தில்தான் பழக முடியும். இன்று அந்தப் பள்ளியில் பல நிறத்துப் பிள்ளைகள், பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். விதி மாறவில்லை, வட்டம் விரிந்திருக்கிறது. தானாக விரியவில்லை. வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டியதால் விரிந்தது.

நான் என் வட்டத்தை விரித்தேனா? கடந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். இப்போது இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். திரையில் ஒரு பையன், நம் ஊர்ப் பையன். ரெஸ்யூமேயில் மூன்று ஆண்டு வேலை. ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்பவனின் வாக்கியங்கள் எப்படி இருக்கும் என்பது அவற்றைச் சொன்னவனுக்குத் தெரியாதா? பையன் கெட்டிக்காரன். கேட்ட கணக்கைப் போட்டுக் காட்டினான். சந்தேகம் இருந்தால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. தெரிவித்தால் அவன் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், எங்கள் நிறுவனக் கதவு அவனுக்கு இனி திறக்காது. நான் தெரிவிக்கவில்லை. தேர்ந்தெடுக்கவும் இல்லை. நிராகரித்த காரணம் கேட்கும் கட்டத்தில் 'தொழில்நுட்ப ஆழம் போதவில்லை' என்று எழுதினேன். அது பொய். ஆழம் அவனிடம் போதுமான அளவு இருந்தது. நிறுவனத்தையும் ஏமாற்றினேன், பையனையும் ஏமாற்றினேன். அவனை அழைத்து, "தம்பி, எனக்குத் தெரியும், நானும் இதைச் செய்தவன்தான்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய தைரியம் எனக்கு இல்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னேன். பதினான்கு வயது. நடுவில் எதுவும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "அந்த ஊருக்குப் போன மாமா இப்ப எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டான். கோயம்புத்தூரில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றேன். சொன்ன பிறகுதான், அவனிடம் பேசி இரண்டு ஆண்டு ஆகிறது என்பது உறைத்தது. அன்று இரவே கூப்பிட்டேன். பழையதைப் பேசினேன். உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். சிரித்தான். "என்னைப் பெரிய ஆளாக்கி எழுதிடாதடா. நேர்மையெல்லாம் ஒண்ணுமில்லை. எனக்குப் பயம். யாராவது நேருக்கு நேர் கேட்டா முகத்துல தெரிஞ்சிரும்னு பயம்." அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மேலாளர் கேட்டால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவனுக்கு அந்த மேலாளர் ஒரு மனிதர். எனக்கு அவர் தொலைபேசியில் வந்த ஒரு குரல். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மகன் கட்டுரையை வேறு எதையோ பற்றி எழுதினான். இது தன் கதை இல்லை என்று சொல்லிவிட்டான்.

உதவித்தொகைப் படிவம் பெற்றோர் நிரப்ப வேண்டியது. வருமானம், சேமிப்பு, கடன், வேறு நாட்டில் சொத்து இருந்தால் அது. அடகிலிருந்து மீட்ட அந்த வீட்டை ஊரில் வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை அங்கேயே ஒரு வங்கிக் கணக்கில் சேர்கிறது. எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. "எல்லாரும் இதையெல்லாமா எழுதுறாங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி, நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் எங்களுக்குக் கிடைக்கும் தொகை குறையும். மகன் அந்த ஆற்றங்கரைக்குப் போக முடியாமல்கூடப் போகலாம். எழுதாவிட்டால், உதவிக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு வேறு யாரோ ஒரு பையனுக்குப் போகாமல் நின்றுவிடும். அவன் முகமும் எனக்குத் தெரியாது.

வாடகைத் தொகையை டாலருக்கு மாற்றி, உரிய கட்டத்தில் எழுதினேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. அது இல்லாமலும் எங்களால் வாழ முடியும். 2003இல் என் கையில் இருந்தது இந்தப் படிவமாக இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கீழே கையெழுத்துப் போடும்போது, மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என்ற வரியை முதல்முறையாக முழுவதும் படித்தேன்.